போதும்பொண்ணும் பெனொனியும்

எபிரேய வேதத்தில் வரும் ஒவ்வொரு பெயரும் கடவுள் முன்கூட்டியே எழுதிவைத்த திட்டம்; பெயரின் அர்த்தம் எதுவோ அதுவே ஆளின் வாழ்க்கை; ஆகவே அர்த்தம் பார்த்துப் பெயர் வைத்துவிட்டால் பிள்ளைக்கான பாதி ஜெபம் முடிந்தது. நற்செய்திக் கூட்ட மேடைகளில் கொஞ்ச காலமாக இந்தப் பேச்சு ஓயவில்லை. மேடையில் கிளம்பி, சிவகாசி அச்சகங்களில் வெடி லேபிளுக்கும் தினக் காலண்டருக்கும் நடுவே ஓடும் குறுநூல்களுக்குள் புகுந்து, இப்போது வாட்ஸ்அப்பில் குடியேறிவிட்டது. 2000-இல் அமெரிக்கப் போதகர் புரூஸ் வில்கின்சன் யாபேசின் ஜெபத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அது உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று எங்கள் கரிசல் பக்கத்திலும் யாபேஸ்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கருத்து தவறு. வேதத்தின் போக்குக்கே நேர் எதிரானதும்கூட. யாபேசையே எடுத்துக்கொள்ளலாம். நாளாகமத்தின் நீண்ட வம்சவரிசைக்கு நடுவே இரண்டே வசனங்களில் வந்து போகிறவன் அவன். வேதனையோடு பெற்றேன் என்று சொல்லி அவன் தாய் அந்தப் பெயரை வைக்கிறாள். அவனோ அந்த வேதனை தன்னை அண்டக் கூடாது என்று வேண்டுகிறான். வேண்டியது கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறது. அதாவது பெயர் பலிக்காமல் போனவனின் கதை அது. பெயர்தான் விதி என்று நிரூபிக்க இவனையா சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

எங்கள் ஊர்ப்பக்கம் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளைக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பார்கள். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில் பிச்சை, குப்பை, மண்ணாங்கட்டி. போதும்பொண்ணு என்று கூப்பிடும்போது அது அந்தப் பெண்ணின் எதிர்காலத்தைச் சொல்கிறது என்று எந்தக் கிழவியும் நினைத்ததில்லை. பெற்றவர்களின் அலுப்பும் சாமியிடம் வைத்த மனுவும் அந்தப் பெயரில் இருக்கின்றன. அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. எபிரேயப் பெயர் சூட்டலும் இதே வகைதான். லேயாளின் பிள்ளைகளைப் பாருங்கள். புருஷன் தன்னை ஏறிட்டும் பார்க்கவில்லை என்ற ஆற்றாமையில் ரூபன் என்கிறாள். தன் குறை கேட்கப்பட்டது என்று சிமியோன் என்கிறாள். இனியாவது அவன் என்னோடு ஒட்டிக்கொள்வான் என்று லேவி என்கிறாள். நாலாவது தடவை புருஷனை விட்டுவிட்டுக் கடவுளைத் துதிக்கிறேன் என்று யூதா என்கிறாள். நாலு பெயரையும் சேர்த்துப் படித்தால் ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கை கிடைக்கிறது. பின்னால் லேவியர் ஆசாரியர் ஆனதற்கும் யூதாவில் ராஜாக்கள் வந்ததற்கும் அந்தப் பெயர்களில் ஒரு வித்தும் இல்லை.

ராகேல் பிரசவத்தில் சாகும்போது பிள்ளைக்குப் பெனொனி என்று பெயர் வைத்தாள்: என் துயரத்தின் மகன். மூச்சு அடங்கியதும் யாக்கோபு அதைப் பென்யமீன் என்று மாற்றிவிட்டான். பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நாளில், பினெகாசின் மனைவி பிள்ளை பெற்றுச் சாகும் தறுவாயில், மகிமை போய்விட்டது என்று பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டாள். அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆனான் என்பதில் வேதத்துக்கு அக்கறையில்லை. அவன் பெயர் அந்த நாளுக்கான பெயர். இதைவிட வேடிக்கை சாலொமோன் சங்கதி. அவன் பிறந்தபோது கடவுளே நாத்தான் தீர்க்கதரிசி மூலம் யெதிதியா என்ற பெயரை அனுப்புகிறார். கடவுள் நேரடியாகக் கொடுத்தனுப்பிய அந்தப் பெயரை அதற்குப் பிறகு வேதத்தில் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. அர்த்தப் புத்தகக்காரர்கள் யெதிதியாவை இனிமையான பெயர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டு, இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

அவர்கள் பக்கம் ஒரு நல்ல சாட்சி உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நாபால் என்றால் புத்திகெட்டவன். அவன் பெயர் எப்படியோ அவனும் அப்படியே என்று அவன் மனைவி அபிகாயிலே சொல்கிறாள். ஆனால் யாரிடம் சொல்கிறாள், எப்போது சொல்கிறாள்? தாவீது நானூறு பேரோடு வாளெடுத்து வீட்டை அழிக்க வருகிறான். ஒரு சமயோசிதக்காரி புருஷனைக் காட்டிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்லும் பேச்சு அது. எந்தத் தாய் தன் பிள்ளைக்கு முட்டாள் என்று பெயர் வைப்பாள்? தொட்டிலில் வேறு எதையோ சொன்ன பெயரை அபிகாயில் அன்றைக்குத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டாள் என்று படிப்பதே நியாயம். ஓசியாவும் ஏசாயாவும் கடவுள் சொல்லித் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் வேறு ரகம். அவை ஊருக்கு ஒட்டிய போஸ்டர். இரக்கம் பெறாதவள், என் ஜனமல்ல என்ற அர்த்தத்தில் லோருகாமா, லோகம்மீ என்று வைத்த பெயர்கள் அடுத்த அதிகாரத்திலேயே தலைகீழாகப் புரட்டப்பட்டுவிடுகின்றன. தெய்வம் வைத்த பெயருக்கே ஆயுசு அவ்வளவுதான்.

எபிரேயக் கதைசொல்லிகள் சொல்லும் அர்த்தங்கள் மொழியியல் கணக்கில் நிற்பதுமில்லை. மோசே என்பது எகிப்தியப் பெயர் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்ற எபிரேய விளக்கத்தை, அதுவும் ஓர் எகிப்திய ராஜகுமாரத்தியின் வாயில் வைத்திருக்கிறார்கள். பாபேல் என்றால் அக்காதிய மொழியில் தெய்வத்தின் வாசல். எபிரேயன் காதில் அது குழப்பம் என்று விழுந்தது. கேட்டுப் பெற்றேன் என்று அன்னாள் சாமுவேலுக்குச் சொல்லும் காரணமோ, சவுல் என்ற பெயருக்குத்தான் அச்சு அசலாகப் பொருந்தும். எங்கள் தாயில்பட்டியைத் தாய் இல்லாத பட்டி என்றும் பிரிக்கலாம், தாயின் இல்லம் என்றும் பிரிக்கலாம். இரண்டுக்கும் ஒரு கதை கட்டலாம். கதை நன்றாக இருந்தால் ஊர் நம்பிக்கொள்ளும். வேதம் செய்ததும் அதைத்தான், ஆனால் மேதைமையோடு செய்தது.

அறிஞர் உலகம் இதை எப்போதோ சொல்லியாகிவிட்டது. மார்ட்டின் நோத் 1928-இல் இஸ்ரவேலரின் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி வகைப்படுத்தினார்: அறிக்கை செய்யும் பெயர், நம்பிக்கைப் பெயர், நன்றிப் பெயர், வேண்டுதல் பெயர். நாலுமே மனுஷன் கடவுளிடம் பேசுவது. கடவுள் மனுஷனுக்கு விதித்தது என்று ஒரு வகையை அவர் வைக்கவில்லை. ஜேம்ஸ் பார் 1961-இல், வேர்ச்சொல்லைத் தோண்டி இறையியல் கட்டும் பழக்கத்தை ஒரு முழுப் புத்தகத்தில் வைத்து அடித்தார். நம் ஊர் இறையியல் கல்லூரிகளில் இதைப் படித்துத் தேர்வு எழுதுகிறவர்களே வெளியே வந்து மேடையில் வேர்ச்சொல் தோண்டுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஏன் தோண்ட முடிகிறது? இங்கேதான் தமிழில் இந்தப் பெயர்கள் வந்து இறங்கிய வரலாறு முக்கியமாகிறது. எபிரேயப் பிள்ளைக்கு அண்டைவீட்டுக்காரன் பெயரின் அர்த்தம் தினப்பேச்சாகக் காதில் விழுந்தது. நமக்கு விழவில்லை. விழாத அர்த்தம்தான் மந்திரமாகிறது. மந்திரமானதும் வியாபாரி வந்துவிடுகிறான்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536–37-இல் ஞானஸ்நானம் பெற்றபோது வந்தவை வேதப் பெயர்கள்கூட அல்ல. போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்கள். பெர்னாண்டோ, மோத்தா, மிராண்டா, கோமஸ் என்று தூத்துக்குடிக் கடற்கரை இன்றும் அவற்றைச் சுமக்கிறது. அர்த்தம் யாருக்கு வேண்டியிருந்தது? ராஜாவின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. அண்ட்ரிக் அடிகளாரின் அச்சுப் புத்தகங்கள் (தம்பிரான் வணக்கம் 1578, அடியார் வரலாறு 1586) அந்த ஒலிகளையே தமிழ் எழுத்துக்குள் கொண்டுவந்தன. பிறகு நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார், காற்று திசை மாறியது. நோபிலியைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள், நான் கடந்துபோகிறேன். அந்த மதுரை மிஷன் காலத்தில் வேதப் பெயர்களின் அர்த்தம் தமிழாகத் தொடங்கியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. பேதுரு கல் என்பதால் ராயப்பர். பவுல் சிறியவர் என்பதால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள் என்பதால் அருளப்பர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோவும் அதே யோவான்தான், அருளானந்தர் ஆனார். ராயப்பனும் சின்னப்பனும் அருளப்பனும் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கத் தெருக்களில் இன்றும் நடமாடுகிறார்கள். ஒரு பெயரும் வேற்று நாட்டுப் பெயராகக் காதில் விழாது.

இந்தப் போக்கின் உச்சம் வீரமாமுனிவர். 1710-இல் இந்தியாவுக்கு வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, சிவகாசிக்குத் தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தவர். தன் பெயரையே முதலில் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டவர். சதுரகராதிக்கும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் பரமார்த்த குருவுக்கும் அவரைக் கொண்டாடுகிறோம். எபிரேயப் பெயர்களை அவர் வாசித்த விதத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தேம்பாவணியின் நாயகன் சூசை, அதாவது யோசேப்பு. சூசை என்ற போர்த்துக்கீசியச் சாயல் பெயர் ஏற்கெனவே ஊரில் புழங்கியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு 3615 பாடல்களையும் முடித்திருக்கலாம். முனிவர் திருப்திப்படவில்லை. யோசேப்பு என்ற பெயர் பிறந்த இடத்துக்குப் போகிறார். ராகேல் முதல் யோசேப்பைப் பெற்றபோது, இன்னும் ஒன்று கூட்டித் தரட்டும் என்று வைத்த பெயர் அது. கூடுதல், பெருகுதல், வளர்தல்; ஆகவே வளன். ஒரே அசைதான். விருத்தத்தில் எங்கே வைத்தாலும் உட்காரும். கேட்ட மாத்திரத்தில் அர்த்தம் விளங்கும். ஒரு அடிக்குறிப்பு வேண்டாம். திருமுழுக்கு யோவானுக்கு அருளப்பர் என்ற பெயர் கையில் தயாராக இருந்தும், கருணையன் என்று புதிதாகச் செய்கிறார். தாயை இழந்து காட்டில் கதறும் அந்தக் கருணையனைப் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் எத்தனை லட்சம்! அந்தப் பெயர் எபிரேயத்திலிருந்து வந்தது என்று தோன்றியிருக்குமா ஒருவருக்காவது? தோன்றாமல் போனதுதான் முனிவரின் வெற்றி.

எல்லாப் பெயரையும் அவர் இப்படி மாற்றவில்லை. மோசே அவரிடம் மோயீசனாகத்தான் வருகிறார். எந்தப் பெயரில் அர்த்தம் கதைக்கு வேலை செய்கிறதோ அதை மொழிபெயர்ப்பது, மற்றதை ஒலியாக இறக்குவது. இது மொழிபெயர்ப்புக் கொள்கை மட்டுமல்ல, எபிரேயக் கதைசொல்லிகளின் கொள்கையே. அவர்களும் எல்லாப் பெயருக்கும் காரணம் சொல்வதில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் சொல்வார்கள். இன்று எபிரேய எழுத்துக்களைத் திரையில் போட்டுக்காட்டும் போதகரைவிட, லத்தீன் வேதாகமத்தின் வழி வந்த இந்த இத்தாலியர் எபிரேய வேதத்தை நன்றாகப் படித்திருக்கிறார்.

அதே தலைமுறையில் இன்னொரு பெயர் பிறந்தது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசர் ஆனார். லாசர் என்பது எலெயாசரின் கிரேக்க வடிவம். கடவுள் துணை செய்தார் என்பது அர்த்தம். தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயம் சுடப்பட்டுச் செத்தார். துணை செய்தார் என்ற பெயரைச் சுமந்தவனுக்குத் துப்பாக்கிக் குண்டிலிருந்து துணை வரவில்லை. அப்படியும் அந்தப் பெயரைத் தெற்கத்திச் சனங்கள் கைவிடவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு தேவசகாயங்கள். பெயரைப் பலன் தரும் தாயத்தாக எடுத்திருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை என்ற சாதிப்பட்டம் நீக்கப்பட்டிருந்தது. ஆட்சேபம் எழுப்பிக் கடிதம் எழுதி வாங்கிய நீக்கம் அது. எபிரேய அர்த்தம் 270 வருஷம் தாங்கியது. சாதி வால் கழல்வதற்கும் அத்தனை வருஷம் ஆனது.

புராட்டஸ்டண்டுகளிடம் வரும்போது எனக்குக் கொஞ்சம் கசப்பு வந்துவிடும், வாசகர் பொறுக்க வேண்டும். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1714–15-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. அவர் சர்வேசுரன் என்றார், பப்ரிசியுஸ் பராபரன் என்றார், 1871-இன் பவர் மொழிபெயர்ப்பு தேவன் என்றது, 1995-இன் திருவிவிலியம் கடவுள் என்றது. கடவுளுக்கு எந்தச் சொல் என்று முந்நூறு வருஷம் மல்லுக்கட்டியவர்கள், மனுஷர் பெயர்களில் அதே கவலையைக் காட்டவில்லை. ஒலியை மட்டும் இறக்கினார்கள். யூதா என்று வாசிக்கும் தமிழனுக்குத் துதி காதில் விழுவதில்லை, ஈசாக்கு என்று வாசிக்கும்போது சாராளின் சிரிப்பும் விழுவதில்லை. திருவிவிலியம் அடிக்குறிப்பு போட்டுப் பார்க்கிறது. சிலேடைக்கு அடிக்குறிப்பு போட்டால் எவன் சிரிப்பான்?

ஒன்றே ஒன்று அழகாக நடந்தது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். பெண் பெயர்களுக்குத் தமிழ் இலக்கணம் தன் விகுதியைக் கொடுத்தது. சாராள், லேயாள், ரெபெக்காள், அன்னாள், மீகாள், மரியாள். யோபுவின் கடைசிக் காலத்து மகள்கள் எமீமாள், கெத்சீயாள், மூன்றாமவள் கேரேனாப்புக். மகன்களுக்குப் பெயர் சொல்லாமல் மகள்களுக்கு மட்டும் சொல்லும் அதிசயமான இடம் அது. மூன்றாமவள் பெயருக்குக் கண்மை வைக்கும் கொம்பு என்று அர்த்தம். இவ்வளவு துன்பத்துக்குப் பிறகு பிறந்த பெண்ணுக்கு மைச்சிமிழ் என்று பெயர் வைக்கிற அப்பனைத்தான் நான் யோபு புஸ்தகத்தில் அதிகம் நேசிக்கிறேன். தமிழில் ஓர் அஞ்சனா! ஆனால் யாரும் வைக்கவில்லை. இன்று அந்த ‘ஆள்’ விகுதியும் போய்விட்டது. சாராள் சாரா ஆனாள், எமீமாள் ஜெமிமா ஆனாள், யோவான் ஜான் ஆனார், யாக்கோபு ஜேக்கப் ஆனார். எபிரேய மூலத்துக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே இங்கிலீஷ் உச்சரிப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் செய்தது இதைவிட மோசம். உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர் தனக்குப் பிடித்த பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார், விசுவநாதபிள்ளை கரோல் ஆனார், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். நியாய இலக்கணமும் பாவலர் சரித்திர தீபகமும் எழுதிய கைகள் இவை. வேதத்தில் யோசேப்புக்குப் பார்வோன் சாப்நாத்பன்னேயா என்று பெயர் வைத்தான், தானியேலுக்குப் பாபிலோன் அதிகாரி பெல்தெஷாத்சார் என்று வைத்தான். யார் சோறு போடுகிறானோ அவன் பெயர் வைப்பான் என்பதை வேதம் நன்றாக அறியும். மிஷனரிகள் இந்த இடங்களை வாசிக்காதவர்கள் அல்ல. தாங்கள் எந்தப் பாத்திரம் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. இதற்கு நடுவே ஒருவர் மட்டும் அசையாமல் நின்றார். 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை ஹென்றி ஆல்பிரட் என்ற இரண்டு பெயரையும் முன்னெழுத்தாக ஒதுக்கிவிட்டு, கிருஷ்ணனை விடாமல் இரட்சணிய யாத்திரிகம் எழுதி முடித்தார். அதே வருஷம் சிவகாசியில் மிஷனரி ராக்லண்ட் இறந்தார். குதிரையும் கூடாரமுமாக இந்தக் கரிசல் கிராமங்களைச் சுற்றியவர் அவர். அந்த மிஷன் ஊன்றிய இடத்துக்குச் சாட்சியாபுரம் என்று பெயர். ஊருக்கு வைக்கும்போது மட்டும் அவர்களுக்கு நல்ல தமிழ் வந்தது.

சங்கரன்கோவிலில் பிறந்த பாவாணர் தேவநேசனைத் தேவநேயன் ஆக்கிக்கொண்டார். ஊர்காவற்றுறையில் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ், வடக்கன்குளத்துக்குப் படிப்பிக்க வந்து தமிழ் பயின்று தனிநாயகம் அடிகள் ஆனார். தனித்தமிழ்க் காலம் பெயர்களுக்கு ஒலித்தூய்மையைத் தந்தது, அர்த்தத்தின் மேல் புதிதாகக் கவனம் எதையும் கொண்டுவரவில்லை.

எனக்கு முக்கியமாகப் படும் கட்டம் 1950-க்குப் பிறகு. அந்த வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. விளைவை எங்கள் பக்கத்துச் சேரிகளில் எவரும் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை எஸ்தர், திங்கட்கிழமை பட்டாசு ஆலை அட்டெண்டன்சில் மாரியம்மாள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிச் சாதிச் சான்று கேட்பது அரசியல் சட்டத்தின் மேலேயே செய்யும் மோசடி என்றது. சட்டம் தெரிந்தவர்கள் அதைப் பேசட்டும். வேதம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி: எஸ்தருக்கே எத்தனை பெயர்? வீட்டில் அத்சாள், அரண்மனையில் எஸ்தர். தன் குலம் எது என்று சொல்லாதே என்று மொர்தெகாய் சொல்லி அனுப்பினான், அவளும் சொல்லவில்லை. பேரரசின் கீழே ரெண்டு பெயரோடு பிழைக்கிறவர்களுக்காக ஒரு முழுப் புஸ்தகம் வேதத்தில் இருக்கிறது. அதை ஒரு மேடையிலாவது இப்படிப் பேசக் கேட்டதில்லை. எஸ்தர் என்றால் நட்சத்திரம், உங்கள் மகள் நட்சத்திரமாய் ஜொலிப்பாள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

பெயர்தான் விதி என்ற பேச்சு வேறெங்கும் எடுபடலாம், இந்த மண்ணில் கூசாமல் பேசக் கூடாது. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தது போன்ற நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். செல்வமும் ஜெயமும் நீண்ட ஆயுசும் அர்த்தமாக உள்ள பெயர்கள் அந்தப் பட்டியல்களில் எப்போதும் இருக்கும். பெயர் காப்பாற்றும் என்று அந்த வாசலில் போய்ச் சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?

தெய்வ நோக்கம் என்று ஒன்று எபிரேயப் பெயர்களில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அது எதிர்த்திசையில் இருக்கிறது. ஆகாரைப் பாருங்கள். எகிப்திய அடிமை, எஜமானி கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடியவள். அவள் பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பெயர் சொல்லி அனுப்புகிறார் தூதர்: கடவுள் கேட்கிறார். பெயரில் அந்தப் பிள்ளையின் வருங்காலம் எதுவுமில்லை. அதில் கடவுள் தன் காதை அடகு வைத்திருக்கிறார். அதோடு முடியவில்லை. அவள் திரும்பிக் கடவுளுக்குப் பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். வேதத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் ஒரு வேற்று நாட்டு அடிமைப் பெண். ஆபிரகாமுக்கும் வராத துணிச்சல் அவளுக்கு வந்தது. கேட்கிறார், காண்கிறார், துணை செய்தார், அருள் செய்தார், கூட்டித் தரட்டும்: இந்தப் பெயர்களின் எழுவாய் எல்லாம் கடவுள், சொல்கிறவர் ஏதோ ஒரு தாய். பிள்ளை நடுவில் படுத்திருக்கும் சாட்சி, அவ்வளவுதான். திட்டம் தீட்டப்பட்டது பிள்ளைக்கு என்று நினைப்பவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

வீரமாமுனிவர் வழியே நல்ல வழி என்றுதான் நான் இவ்வளவு நேரம் வாதாடியது. வளன், கருணையன், தேவசகாயம் என்று காதில் விழும் பெயர்களை வைத்தால் அர்த்தப் புத்தகத்துக்கு வேலையில்லை. ஆனால் அவரிடமும் ஒரு குறை உண்டு. அவர் எடுத்தாண்டதெல்லாம் இனிப்பான பெயர்கள். பெனொனியும் இக்கபோத்தும் யாபேசின் தாயும் தமிழுக்கு இன்னும் வரவில்லை. போதும்பொண்ணு என்று வைக்கத் துணிந்த ஒரு சனத்தால்தான் அவர்களைத் தமிழில் சொல்ல முடியும். அந்தச் சனமோ ஞானஸ்நானத் தொட்டி வந்ததும் போதும்பொண்ணைக் கிரேஸ் ஆக்கிவிட்டது.

பழைய மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டை யாராவது புரட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத் திருச்சபை வகுத்த படிவம்: தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து. பெயரை வைத்தது யார், ஏன் என்பதற்குக் கட்டம் கிடையாது. எபிரேய வேதம் எழுதிவைத்தது அந்த ஒரு கட்டத்தை மட்டும்தான். சாட்சியாபுரத்திலும் சுற்றுவட்டாரச் சபைகளிலும் எண்பது தொண்ணூறு வயதுப் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயரும், அதை வைத்தவளின் காரணமும் அவர்களுக்குத் தெரியும். அர்த்தப் புத்தகம் வாங்கும் காசை மிச்சம் பிடித்து, அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிவையுங்கள்.